செஃப் பற்றிய ஆவணப்படம் எடுக்க: கேமரா யார் கையைப் பார்க்க வேண்டும்?

டோக்கியோவில் கின்சா சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டி, தரைக்குக் கீழே, பத்தே இருக்கைகள் கொண்ட ஒரு சுஷிக் கடை. அதை நடத்திய ஜிரோ ஓனோவைப் பற்றி டேவிட் கெல்ப் எடுத்த 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' 2011-இல் வந்தது. அப்போது ஜிரோவுக்கு 85 வயது. எண்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும் அந்தப் படத்தில் அவருடைய ஒழுங்கையும் பிடிவாதத்தையும் பார்த்துப் பார்த்து, எல்லாமே இந்த ஒரு மனிதர்தான் என்ற முடிவுக்கு நாம் வந்துவிடுகிறோம். படம் முடியப்போகிற நேரத்தில் உணவு விமர்சகர் மசுஹிரோ யமமோட்டோ ஒரு தகவல் சொல்கிறார்: ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேட்டின் ஆய்வாளர்கள் வந்து சாப்பிட்டபோது சுஷி பிடித்துக் கொடுத்தது ஜிரோ இல்லை, மூத்த மகன் யோஷிகாசு.

பெயர்பெற்ற செஃப் ஒருவரைப் படம் எடுக்க நினைக்கிறவர்கள் அந்தத் தகவலிலிருந்து தொடங்கலாம். ஓட்டல் சாப்பாடு ஒருவர் கையால் மட்டும் மேசைக்கு வருவதில்லை. ஆனால் படத்துக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. இந்த இழுபறியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் படம் ஆவணமாகிறதா, விளம்பரமாகிறதா என்பது இருக்கிறது. கீழே உள்ளதெல்லாம் ஒரு கேமரா, இரண்டு பேர், 20 நிமிடப் படம் என்ற அளவுக்கு எழுதப்பட்டது.

முதலில் அச்சைத் தெரிந்துகொள்ளுங்கள்

2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'செஃப்ஸ் டேபிள்' தொடரையும் உருவாக்கியவர் கெல்ப்தான். பகுதிக்கு ஒரு செஃப், ஏறக்குறைய 50 நிமிடம், முகப்பில் மாக்ஸ் ரிக்டர் மறுஆக்கம் செய்த விவால்டியின் 'குளிர்காலம்' இசை. இன்று செல்போனில் எடுக்கும் சமையல் படம்கூட இந்தத் தொடரின் சாயலில் வருகிறது. அந்த அச்சின் அடுக்கு பெரும்பாலும் இப்படிப் போகும்: சின்ன வயதில் பாட்டி வீட்டு அடுப்பங்கரை வாசனை, பிறகு யாரும் மதிக்காத காலம், கடையை மூடும் நிலை, எல்லாவற்றையும் மாற்றிய ஒரு தருணம், விமர்சகரின் சாட்சி, கடைசியில் மெதுவாக நகரும் தட்டுகள்.

இந்த அடுக்கு பொய் இல்லை. கதை கேட்கிற மனதுக்குப் பிடிபடும் வரிசை அது. கோளாறு வருவது 'அந்தத் தருணம்' என்ற இடத்தில். பத்திரிகைக்காரர்களிடம் ஐம்பது முறை சொன்ன நினைவு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அதிலிருந்து உதிர்ந்திருப்பார்கள்.

அந்தத் தொடரின் முதல் பகுதியில் வந்த செஃப் மாசிமோ பொத்துராவின் எலுமிச்சை டார்ட் என்ற இனிப்புப் பண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் மொதேனாவில் அவருடைய ஓட்டலில், பரிமாறப்போகும் நேரத்தில் டார்ட் கைதவறி உடைந்தது. உடைந்ததையே ஒரு வடிவமாகப் பார்த்து, 'ஐயோ, எலுமிச்சை டார்ட்டைக் கீழே போட்டுவிட்டேன்' என்ற பொருளில் பெயர் வைத்து அதையே பட்டியலில் சேர்த்தார் பொத்துரா. கீழே போட்டவர் அவர் இல்லை, கூட வேலை செய்த ஜப்பானியரான தகாஹிகோ கோண்டோ. பொத்துரா கதையைச் சொல்லும்போது கோண்டோவின் பெயரை விடுவதில்லை. ஆனால் எல்லா செஃப்பும் அப்படிச் சொல்வார்கள் என்று நம்பி உட்கார முடியாது. 'அந்தத் தருணம்' பற்றி செஃப் பேசி முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி: "அப்போ பக்கத்துல யார் நின்னாங்க?" பெயர் வந்தால், அந்த ஆளைத் தேடிப்போய்ப் பேட்டி எடுங்கள். இரண்டு நினைவும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் படத்தில் வையுங்கள்.

இந்த அச்சுக்கு வெளியே நிற்கும் படங்களையும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஜெர்மன் இயக்குநர் கெரியோன் வெட்செல் எடுத்த 'எல் புயி: குக்கிங் இன் ப்ராக்ரஸ்' படத்தில் பின்குரலும் கிடையாது, பேட்டியும் கிடையாது. ஸ்பெயினில் இருந்த அந்த ஓட்டலின் செஃப் ஃபெர்ரான் அத்ரியா உலகப் புகழோடு இருந்த காலம். ஆனால் கேமரா அதிகம் நிற்பது, அவருக்காகச் சோதனை செய்துகொண்டே இருக்கும் ஓரியோல் காஸ்ட்ரோ, எதுவார்த் ஷாட்ருக் போன்றவர்களிடம். ஒரு காய்கறியை எத்தனை விதமாக வேகவைக்கலாம் என்று பார்த்து, எழுதி, படம் பிடித்து வைக்கிறார்கள். அத்ரியா வந்து ருசி பார்த்து, வேண்டாம் என்கிறார். எல் புயி 2011 ஜூலையில் மூடப்பட்டது. அந்த இருவரும் மதேவ் காசன்யாஸும் சேர்ந்து பார்சிலோனாவில் தொடங்கிய 'டிஸ்ஃப்ருதார்' 2024-இல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பெற்றது. பின்னால் பெயர் பெறப்போகிறவர்களை, வேலை நடந்த நாளிலேயே கேமரா பதிவு செய்துவைத்திருக்கிறது. ஃபிரெடரிக் வைஸ்மன் பிரான்சின் த்ருவாக்ரோ குடும்பத்தின் ஓட்டலைப் பற்றி 2023-இல் எடுத்த படம் நான்கு மணி நேரம் ஓடும். அதில் பேட்டியோ பின்குரலோ பின்னணி இசையோ இல்லை. பொறுமையாகப் பார்த்தால், அப்பா மகன்களிடம் பொறுப்பை ஒப்படைப்பது எவ்வளவு சிரமமான வேலை என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

கேமரா இல்லாத இரண்டு நாள்

ஷூட்டிங்குக்கு முன் இரண்டு முழு நாள், சரக்கு வந்து இறங்குவதிலிருந்து ராத்திரி அடுப்பைக் கழுவி முடிக்கும் வரை, கேமரா எடுக்காமல் சமையலறையில் நில்லுங்கள். ஒரு நோட்டு போதும். முதல் நாள் எல்லோரும் உங்களுக்காக விறைப்பாக நடப்பார்கள். இரண்டாம் நாள் மதிய நெருக்கடியில் உங்களை மறந்துவிடுவார்கள். எங்கே நின்றால் இடைஞ்சல், எந்த மூலையில் தரை வழுக்கும், கொதிக்கும் பாத்திரத்தோடு எந்த வழியாகத் திரும்புவார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை கைக்கணக்கு. செஃப்பின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வரும் ஒரு பதார்த்தத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பொருட்கள் பின்வாசலில் நுழைந்ததிலிருந்து தட்டு கழுவப்படுவது வரை, அதைத் தொட்ட ஒவ்வொரு கையையும் நேரத்தோடு எழுதுங்கள். ஒரு சாதா தோசைக்கே பாருங்கள்: அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டவர், முதல்நாள் சாயங்காலம் அரைத்தவர், புளிப்புப் பார்த்து உப்புப் போட்டவர், சட்னிக்குத் தாளித்தவர், கல்லில் வார்த்தவர், மேசைக்குக் கொண்டுபோனவர், தட்டு கழுவியவர். ஏழு பேர். நுணுக்கமான ஒரு விருந்துத் தட்டுக்கு இது இன்னும் பெருகும். கணக்கு முடிந்ததும், செஃப்பின் கை அதில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று வட்டம் போடுங்கள். பெரும்பாலும் அது கடைசி ஒரு நிமிடமாகவோ, நடுவில் ருசி பார்க்கும் பத்து விநாடியாகவோ இருக்கும். அதனால் செஃப் ஒன்றும் குறைந்துவிட மாட்டார். அவருடைய உண்மையான வேலை தீர்ப்புச் சொல்வதும் கற்றுக்கொடுப்பதும்தான், அதைப் படமாக்க வேண்டும் என்று இந்தக் காகிதம் உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

ஜிரோ படம் இதைச் சரியாகச் செய்த இடம் ஒன்று உண்டு. ஆக்டோபஸ் மிருதுவாக வேண்டும் என்பதற்காக, முன்பு அரை மணி நேரம் பிசைந்ததை நாற்பது, ஐம்பது நிமிடமாக்கினார்கள். பிசைவது உதவியாளர். இன்னொரு உதவியாளரான நகசாவா, முட்டைச் சுருளை இருநூறு தடவைக்கு மேல் செய்து, ஒவ்வொன்றும் நிராகரிக்கப்பட்டு, கடைசியில் ஒன்று ஏற்கப்பட்டதைச் சொல்கிறார். ஜிரோவின் தராதரம் என்ன என்பதை ஜிரோவின் வாயைவிட இந்த இரண்டு எண்களும் நன்றாகச் சொல்லிவிடுகின்றன. டூனா வியாபாரிக்கும் அரிசி வியாபாரிக்கும் அந்தப் படம் தனித்தனியே நேரம் ஒதுக்கியிருப்பதையும் கவனியுங்கள்.

பேட்டி

செஃப்பிடம் ஒரே நாளில் மூன்று மணி நேரம் பேசுவதைவிட, ஒன்றரை மணி நேரமாக இரண்டு முறை, இடையில் குறைந்தது ஒரு வாரம் விட்டுப் பேசுங்கள். முதல் தடவை வருவது மனப்பாடம். இரண்டாம் தடவை, நீங்கள் சமையலறையில் பார்த்ததை வைத்துக் கேட்கலாம்.

"சமையல் உங்களுக்கு என்ன?" என்று கேட்டால் "தவம்" என்றோ "காதல்" என்றோ பதில் வரும், அதை வெட்டித்தான் எறிய வேண்டியிருக்கும். "நேத்து மத்தியானம் குழம்பை ருசி பார்த்துட்டுத் திருப்பி அனுப்பினீங்களே, அதுல என்ன கோளாறு?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் அவர் புளியைப் பற்றிப் பேசுவார், கொதியைப் பற்றிப் பேசுவார், அதைச் செய்த பையனைப் பற்றியும் பேசுவார். உங்கள் குரல் படத்தில் இருக்காது என்பதால் கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள். பதில் முடிந்தபின் ஐந்து விநாடி சும்மா இருங்கள். நல்ல வரிகள் பல அந்த இடைவெளியில்தான் வருகின்றன.

வேலை செய்பவர்களை முதலாளி இருக்கும் இடத்தில் பேட்டி எடுக்காதீர்கள். வெளியே, டீக்கடையிலோ அவர்கள் தங்கும் அறையிலோ, அவர்கள் பேசும் மொழியில் பேசுங்கள். சென்னை ஓட்டல் சமையலறையில் பாதிப் பேர் தமிழ் பேசாதவர்களாக இருக்கலாம், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். சம்மதக் கடிதம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். செஃப் ஒருவர் போட்ட கையெழுத்து அவரிடம் வேலை செய்பவர்களுக்கும் சேர்த்துச் செல்லாது. வேலையை விட்டுப்போன ஒருவரிடமாவது பேசுங்கள். வேலை நேரம், சம்பளம் பற்றிக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். கோபன்ஹேகனின் நோமா ஓட்டலைப் பற்றி 2015-இல் ஒரு முழுநீள ஆவணப்படம் வந்தது. அங்கே பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022-இல்தான். புகழின் உச்சியில் இருக்கும் சமையலறையிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

சமையலறையில் கேமரா

முதல் எதிரி லென்ஸில் படியும் ஆவி. ஏசி அறையிலிருந்து கேமராவைச் சூடான சமையலறைக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி பனித்துவிடும், துடைத்தாலும் மறுபடி பனிக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னதாகச் சமையலறையில் வைத்துவிடுங்கள். இரண்டாவது, எண்ணெய்ப் புகை. லென்ஸுக்கு முன்னால் சாதாரண யூ.வி. ஃபில்டர் ஒன்றைப் போட்டு, மணிக்கொரு தடவை அதை மட்டும் துடையுங்கள். இல்லாவிட்டால் மாலைக்குள் எல்லாக் காட்சியும் பால் ஊற்றியதுபோல் மங்கிவிடும். அதை எடிட்டிங்கில் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது, விளக்கு மினுக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு முழுத் துடிப்பு கிடைக்கும், படம் ஆடாது. செல்போன் வழக்கமாக வைத்திருக்கும் 30 ஃபிரேம், 1/60-இல் கறுப்புப் பட்டைகள் ஊரும். ஸ்லோமோஷனுக்கு 100 ஃபிரேமில் எடுக்கும்போது, புத்தகத்தில் படித்தபடி 1/200 வைத்தால் படத்தில் பட்டைகள் தெரியலாம். 1/100 வையுங்கள். அசைவு கொஞ்சம் இழுபட்டுத் தெரியும், பரவாயில்லை. டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்ட எல்.இ.டி. என்றால் இந்தக் கணக்கும் பலிக்காமல் போகலாம். அங்கே உங்கள் விளக்கைக் கொண்டுபோவதுதான் வழி. (டோக்கியோவும் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ்தான். அதே ஜப்பானில் ஒசாகா 60 ஹெர்ட்ஸ். வெளிநாட்டில் எடுப்பதென்றால் முதலில் இதை விசாரியுங்கள்.)

நிறத்துக்கு, ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள். எவர்சில்வர் மேடையில் யாராவது சிவப்புச் சட்டையோடு நடந்தால்கூடப் படத்தின் நிறம் மாறும். சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல் உள்ள சின்ன விளக்கு ஒன்று போதும். தரமில்லாத விளக்கில் மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும் ஒரே களிமண் நிறமாகத் தெரியும். அந்த விளக்கைப் பாத்திரத்துக்குப் பின்னால், பக்கவாட்டில் சற்றே சாய்த்து, இருட்டான பின்புலத்துக்கு எதிராக வையுங்கள். ஆவி தானாகத் தெரியும். முன்னாலிருந்து வெளிச்சம் போட்டால் கொதிக்கும் சாம்பாரும் ஆறிப்போனதாகத் தெரியும்.

நெருக்கக் காட்சிகளுக்கு 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 5.6-இலிருந்து 8 வரை. பின்புலம் அழகாகக் கலங்க வேண்டும் என்று 2.8-இல் எடுத்தால் விரல் நுனி மட்டும் தெளிவாக இருக்கும், விரல் செய்கிற வேலை தெரியாது. தோசை மாஸ்டரின் கையை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் தண்ணீர் தெளிக்கிறார், அது சீறி உருண்டு ஓடுகிறது. துடைப்பத்தால் ஒரு வழி வழிக்கிறார், மாவை நடுவில் ஊற்றுகிறார், கரண்டியின் அடி மாவை அழுத்தாமல் சுற்றிக்கொண்டே வெளியே வருகிறது. எல்லாம் சேர்த்து சில விநாடிகள்தான். தண்ணீர் எவ்வளவு சீறியது என்பதை வைத்துத்தான் அவர் கல்லின் சூட்டை அளக்கிறார். தண்ணீரும் கல்லும் தெளிவாகத் தெரியாத காட்சியில் அந்த அறிவு பதிவாகாது, கை மட்டும்தான் பதிவாகும்.

ஒரே பதார்த்தத்தை மூன்று தடவை எடுங்கள்: முதல் தடவை ஆட்களோடு அகலமாக, இரண்டாம் தடவை கைகள், மூன்றாம் தடவை சத்தத்துக்காக மட்டும். முதல் இரண்டும் உண்மையான பரிமாறல் நேரத்தில் நடந்தால் நல்லது. கேமராவுக்காகத் தனியாகச் செய்யும்போது எல்லோரும் மெதுவாகிவிடுவார்கள். மெதுவான கையில் பழக்கத்தின் லாவகம் இருக்காது.

சத்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எக்ஸாஸ்ட் விசிறியின் இரைச்சல் பேச்சை விழுங்கும்தான், ஆனாலும் அடுப்பு எரியும்போது விசிறியை அணைக்கச் சொல்லாதீர்கள். புகையும் நச்சு வாயுவும் தேங்கினால் ஆபத்து. செஃப்பின் சட்டைக்குள் காலர் மைக் வைத்து, அதை நம்பி ஓட்டுங்கள். தாளிக்கும் சத்தம், நறுக்கும் சத்தம் போன்றவற்றை, கடை ஓய்ந்த பிறகு ஓர் அடுப்பை மட்டும் ஏற்றி, மைக்கை ஆவி அடிக்காதபடி பக்கவாட்டில் ஓர் அடி தூரத்தில் பிடித்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். சமையலறையின் வெறும் இரைச்சலையும் ஒரு நிமிடம் பதிவு செய்துவையுங்கள், வெட்டு ஒட்டாத இடங்களில் அதுதான் கைகொடுக்கும்.

எடிட்டிங்

இருபது நிமிடப் படத்துக்குப் பத்து மணி நேரப் பதிவு போதுமானது. முதல் வெட்டை இசை இல்லாமல், ஸ்லோமோஷன் இல்லாமல் முடியுங்கள். மூன்று விநாடி ஊற்றல் 100 ஃபிரேமில் பன்னிரண்டு விநாடியாக நீளும். அந்தப் பன்னிரண்டு விநாடியில் பார்வையாளருக்கு எதுவும் புதிதாகத் தெரியாவிட்டால் அது பக்தி, தகவல் இல்லை. மொத்தப் படத்திலும் நாற்பது விநாடிக்கு மேல் ஸ்லோமோஷன் வேண்டாம். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடக்கும் ஒன்றைக் காட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வயலினும் அப்படித்தான். காட்சியில் இல்லாத மேன்மையை இசை கடன் கொடுக்கும். இசையை எடுத்தால் காட்சி விழுந்துவிடுகிறது என்றால், அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டும்.

எல்லாக் கதையையும் ஏற்றத்தில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. 'செஃப்ஸ் டேபிள்' தொடரின் 2017 வரிசையில் தென்கொரியாவின் பெயிக்யாங்சா கோயிலைச் சேர்ந்த பௌத்தத் துறவி ஜியோங் குவான் வருகிறார். அவருக்கு ஓட்டலும் இல்லை, போட்டியும் இல்லை. சோயா சாஸ் பல ஆண்டு பழகுகிறது, தோட்டத்தில் பூச்சி தின்றது போக மீதி சமையலுக்கு வருகிறது. அச்சில் அடங்காத ஆள் கிடைத்ததும் தொடரே தன் நடையைத் தளர்த்திக்கொண்டது அந்தப் பகுதியில் தெரியும்.

செய்யவே கூடாத ஒன்று: சொல்லாத குரலைச் சொன்னதாகக் காட்டுவது. செஃப்பும் எழுத்தாளருமான ஆண்டனி போர்டெய்ன் 2018-இல் இறந்தபின் அவரைப் பற்றி மோர்கன் நெவில் எடுத்த 'ரோட்ரன்னர்' 2021-இல் வந்தது. போர்டெய்ன் எழுதிய சில வரிகளைச் செயற்கை நுண்ணறிவால் அவர் குரலிலேயே பேசவைத்திருந்தார்கள், படத்தில் அதை அறிவிக்கவில்லை. வரிகள் அவருடையவைதான் என்றாலும், தெரியவந்ததும் மொத்தப் படத்தின் மீதும் சந்தேகம் விழுந்தது. எழுத்தில் இருப்பதை எழுத்தாகவே திரையில் காட்டுங்கள், அல்லது வேறொருவர் படிக்கட்டும்.

வெட்டு முடிந்ததும் கைக்கணக்குக் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப்பாருங்கள். அதில் உள்ள எத்தனை பேர் திரையில் வருகிறார்கள், எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்குக் குறைந்தால் செஃப்பின் பேட்டியில் ஒரு நிமிடத்தைக் குறைத்து அவர்களுக்குக் கொடுங்கள்.

செஃப்பிடம் படத்தைக் காட்டலாம், அளவும் பெயரும் சரியா என்று பார்க்க. எதை எடுக்கலாம், எதை வெட்ட வேண்டும் என்ற உரிமை அவரிடம் போகக்கூடாது. இதை ஷூட்டிங் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள், ஓட்டல் பணம் போடுகிறது என்றால் அதைப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். படத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுத்துப் போடுங்கள். 'உதவியாளர்' என்று பொதுவாகப் போடாமல், அவர்கள் எழுதிக் காட்டும் எழுத்துக்கூட்டலில், என்ன வேலை என்பதோடு, குறைந்தது மூன்று விநாடி நிற்கட்டும். தட்டு கழுவும் இடத்தில் இருப்பவரின் பெயருக்கும் அதே அளவு எழுத்து, அதே மூன்று விநாடி.